உப்புக் காற்றும் நம் மோட்டார் சைக்கிளும்



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் ஊர் மெக்கானிக் கடைகளில் ஒரே பல்லவிதான். "அண்ணாச்சி, நேத்து மழையில நனைஞ்சது, இன்னைக்கு ஹாரன் அடிக்கல." "அண்ணாச்சி, இண்டிகேட்டர் போட்டா ஹெட்லைட் மங்குது." "அண்ணாச்சி, மழை விட்டு நாலு நாள் ஆச்சு, இப்பதான் வண்டி மக்கர் பண்ணுது." முதல் இரண்டு புகாரும் எல்லா ஊரிலும் உள்ளவை. மூன்றாவது புகாரைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். மழை விட்டு நாலு நாள் ஆகிவிட்டது. வெயில் அடித்துக் காய்ந்தும் போய்விட்டது. அப்புறமும் ஏன் வண்டி தகராறு செய்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் தூத்துக்குடியில் வண்டி ஒயரிங்கைப் பராமரிப்பதில் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், எலெக்ட்ரிக்கல் என்று எந்தப் பிரிவில் படிப்பவருக்கும் புரியும்படி அந்த விடையையும், அதை வைத்து நாமே செய்யக்கூடிய வேலைகளையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

எதிரி யார்? மழையா, உப்பா?

மழைத் தண்ணீரை நாம் வீணாகத் திட்டுகிறோம். வானத்திலிருந்து நேராக விழும் மழைநீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. ஆகவே அது மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. கடல்நீர் அப்படியல்ல. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. மழைநீரோடு ஒப்பிட்டால் அது ஆயிரம் மடங்குக்கும் மேலாக மின்சாரம் கடத்தும்.

"நாம என்ன வண்டியைக் கடலுக்குள்ளயா ஓட்டுறோம்?" என்று கேட்கலாம். ஓட்ட வேண்டியதே இல்லை. கடலே காற்றில் ஏறி நம்மிடம் வருகிறது. அலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் கொண்டல் காற்று கரைக்குள் தள்ளுகிறது. வழியில் தண்ணீர் ஆவியாகிவிட, உப்புத் துகள் மட்டும் வந்து படிகிறது. கரைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு அதிகம். தெரேஸ்புரத்திலும், மீன்பிடித் துறைமுகத்திலும், புதுத் துறைமுகச் சாலையிலும் நிறுத்தி வைத்த வண்டியின் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். ஊரைச் சுற்றி உப்பளங்கள் வேறு. துறைமுகப் பக்கம் போனால் நிலக்கரித் தூசியும் சேர்ந்துகொள்கிறது.

இந்த உப்பு காய்ந்து கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. ஆனால் அது காய்ந்தே கிடப்பதில்லை. மழைக்காலத்தில் வீட்டு உப்புச் சாடியில் கல்லுப்பு கசிந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடலோரத்தில் இரவிலும் விடியற்காலையிலும் இந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும்.

ஆக, நாலு நாள் கழித்து வண்டி மக்கர் பண்ணுவதன் காரணம் இதுதான். தண்ணீர் காய்ந்தது, உப்பு காயவில்லை. மழை செய்த வேலை, மேலே படிந்திருந்த உப்பைக் கரைத்துக் கப்ளருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது மட்டுமே. அதன்பின் ஒவ்வொரு ராத்திரியும் அந்த உப்பு ஈரத்தைக் குடித்துக்கொண்டு உள்ளே வேலை பார்க்கிறது. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பார்கள். நம் வண்டி ஒயரிங் அதை வேறு அர்த்தத்தில் நினைத்துக்கொண்டே இருக்கிறது!

கப்ளருக்குள் நடப்பது என்ன?

வண்டி ஒயரில் இருப்பது செம்பு. டெர்மினல் பெரும்பாலும் பித்தளை, மேலே மெல்லிய ஈயப்பூச்சோ வெள்ளீயப் பூச்சோ இருக்கும். எர்த் பிடிக்கும் இடம் இரும்புச் சட்டம் அல்லது அலுமினிய எஞ்சின். இப்படி இரண்டு வெவ்வேறு உலோகங்களுக்கு நடுவில் உப்புத்தண்ணீர் நின்றால் அதுவே ஒரு குட்டி பேட்டரி. முதலாம் ஆண்டு வேதியியலில் படித்த கால்வனிக் செல்தான்! செம்போடு சேர்ந்த இரும்பும் அலுமினியமும் தங்களைக் கரைத்துக்கொள்கின்றன.

அதோடு வண்டியின் 12 வோல்ட் நேர்மின்னோட்டமும் சேர்கிறது. பாசிட்டிவ் முனையும் எர்த்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் கப்ளரில் ஈரம் நின்றால் மின்னாற்பகுப்பு நடந்து பாசிட்டிவ் டெர்மினல் அரிக்கப்படுகிறது. கப்ளரைக் கழற்றும்போது ஒரே ஒரு பின் மட்டும் பச்சையாக இருந்தால், அது பெரும்பாலும் எப்போதும் மின்சாரம் நிற்கும் பின்னாகவே இருக்கும். அந்தப் பச்சைப் பூச்சுதான் களிம்பு. நம் வீட்டுச் செம்புக் குடத்தில் பிடிக்கும் அதே களிம்பு.

இன்னொரு விஷயமும் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல, முறுக்கிய செம்பு இழைகளும் தண்ணீரை இன்சுலேஷனுக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சில நேரம் ஒயரை எவ்வளவு தூரம் சீவினாலும் உள்ளே கறுப்பாகவே இருக்கிறது. கறுத்த செம்பில் சால்டர் ஒட்டாது. அந்த ஒயரை மாற்றுவதுதான் வழி.

ஒரு சின்னக் கணக்கு

களிம்பு பிடித்தால் ஒயர் அறுந்துபோவதில்லை. அதுதான் ஆபத்தே! அறுந்தால் உடனே தெரிந்துவிடும். இங்கே மெல்ல மெல்ல மின்தடை ஏறுகிறது. 12 வோல்ட், 35 வாட் ஹெட்லைட் பல்பை எடுத்துக்கொள்வோம்.

மின்னோட்டம் 35 ÷ 12, அதாவது 2.9 ஆம்பியர். பல்பின் தடை சுமார் 4.1 ஓம். இப்போது கப்ளரில் வெறும் அரை ஓம் களிம்புத் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். மொத்தத் தடை 4.6 ஓம். மின்னோட்டம் 2.6 ஆம்பியராகக் குறைகிறது. கப்ளரிலேயே 1.3 வோல்ட் தின்னப்பட்டு பல்புக்கு 10.7 வோல்ட்தான் போகிறது.

வோல்டேஜ் 11 சதவீதம்தானே குறைந்தது என்று நினைக்க வேண்டாம். இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். இந்த நிலையில் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கப்ளருக்குள் 3 வாட்டுக்கு மேல் வெப்பமாக வெளிப்படும். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகுவது இதனால்தான்.

செல்ஃப் ஸ்டார்ட்டரில் இதைவிட மோசம். ஸ்டார்ட்டர் மோட்டார் 60 ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், பேட்டரி முனையிலோ எர்த் போல்ட்டிலோ வெறும் 0.05 ஓம் இருந்தாலே 3 வோல்ட் காலி. "பேட்டரி போச்சு, புதுசு போடணும்" என்று செலவு வைக்கும் பல வண்டிகளில் உண்மையில் போனது எர்த் போல்ட்தான்.

இது வெறும் பரீட்சைக் கணக்கு அல்ல. விடியும் முன் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிறவர்களும், வெயில் ஏறும் முன் வேலையை முடிக்க இருட்டிலேயே உப்பளத்துக்குக் கிளம்புகிறவர்களும் நம் வீட்டு மனிதர்கள். அவர்கள் போகும் சாலையில்தான் கன்டெய்னர் டிரெய்லர்களும் நிலக்கரி லாரிகளும் போகின்றன. மழையில் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால் ஓட்டுகிறவருக்கே அது தெரியாது; பின்னால் வரும் லாரிக்காரருக்கும் வண்டி தெரியாது. ஒரு கப்ளர் களிம்பின் விலை அவ்வளவு பெரியது.

எங்கெங்கே பார்க்க வேண்டும்?

1. பேட்டரி முனைகள், மெயின் ஃபியூஸ் ஹோல்டர்.
2. எர்த் போல்ட். இது சட்டத்தோடும் எஞ்சினோடும் இணையும் இடம். பெயிண்டுக்கு மேல் முறுக்கியிருந்தால் அங்கேதான் வம்பு.
3. ஹெட்லைட் டூமுக்குள் இருக்கும் கப்ளர் கூட்டம். டூமின் அடியில் தண்ணீர் வடியும் துளை சேறால் அடைத்திருந்தால் உள்ளே குளம் கட்டிவிடும்.
4. ஹேண்டில்பார் சுவிட்சுகள், பிரேக் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச். கடைசி இரண்டும் தாழ்வாக இருப்பதால் சேறு நேராக அடிக்கும்.
5. ஸ்பார்க் பிளக் கேப், எச்.டி. ஒயர். இங்கே ஓடுவது பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல். கேப்பின் ரப்பர் வெடித்திருந்தால் உப்பு ஈரத்தின் வழியே ஸ்பார்க் எஞ்சின் உடம்புக்கு ஓடிவிடும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, கை வைக்காமல் கவனித்தால் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும்.
6. ரெகுலேட்டர் கப்ளர், பின் இண்டிகேட்டர் ஒயர்கள். பின் மட்கார்டுக்கு அடியில் போகும் ஒயர் முழுச் சேற்றுக் குளியல் வாங்குகிறது.

சோதிக்கும்போது மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து மட்டும் பார்த்தால் போதாது. பத்து இழையில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் "சரி" என்றே சொல்லும். விளக்கை எரியவிட்டு, டி.சி. வோல்ட் நிலையில் கப்ளரின் இரு பக்கமும் முனைகளை வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல இணைப்பு. அதற்கு மேல் ஏற ஏறக் கவனம் தேவை.

செய்முறை: கழுவு, காயவை, பிறகு மூடு

இக்கட்டுரையின் முக்கியமான பகுதி இது. மூன்று வேலைகள், இதே வரிசையில். வரிசை மாறினால் பலன் இல்லை.

முதலில் கழுவுதல். "ஈரத்தை விரட்டத் தண்ணியா?" என்று சிரிக்க வேண்டாம். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ உப்பு கரையாது. ஸ்பிரேக்களிலும் பெரும்பாலும் அப்படியே. அவை எண்ணெயையும் அழுக்கையும் எடுத்துவிட்டு உப்பை அங்கேயே விட்டுவிடும். கடலோர மின்பாதைகளில் இன்சுலேட்டர் மேல் படியும் உப்பைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது பல நாடுகளில் உள்ள வழக்கம். கடலில் ஓடிய அவுட்போர்டு எஞ்சினையும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஓடவிட்டுக் கழுவச் சொல்கிறார்கள். அதே பாடம்தான் நமக்கும்.

இக்னிஷனை அணைத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். கப்ளரை ஒயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டை அழுத்திப் பிரியுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைச் சிறு பிரஷ்ஷில் தொட்டு டெர்மினலைத் துலக்கிக் கழுவுங்கள். லேசான களிம்பு இதிலேயே போய்விடும். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடிக்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர் போதும். அதன்பின் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

அம்மா பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போட்டுத் துலக்குவதைப் பார்த்து கப்ளருக்கும் புளியோ எலுமிச்சையோ போடத் தோன்றும். புளியின் அமிலம் களிம்பை எடுப்பது உண்மைதான். ஆனால் பாத்திரத்தைப் போலக் கப்ளரை முழுதாக அலச முடியாது. மிஞ்சும் அமிலம் மறுபடி அரிக்கும். அதே போல உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்த்தால் மேல் பூச்சு போய் வெறும் பித்தளை வெளியே தெரியும். அடுத்த மழைக்கு முன்னைவிட வேகமாகக் களிம்பு பிடிக்கும். உப்புத்தாள் எர்த் போல்ட்டுக்கும் சட்டத்துக்கும் மட்டும் போதும்.

இரண்டாவது காயவைத்தல். கழுவிய கப்ளரை உதறி, கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டால் அது தண்ணீரோடு கலந்து சேர்ந்தே ஆவியாகிவிடும். கை பம்பால் காற்று ஊதலாம். வெயிலில் ஒரு மணி நேரம் திறந்து வைக்கலாம். அவசரம் வேண்டாம். இந்த ஆல்கஹால் தீப்பிடிக்கும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

மூன்றாவது மூடுதல். சிலிக்கான் டை-எலெக்ட்ரிக் கிரீஸை மெல்லிய பூச்சாக டெர்மினலிலும் கப்ளரின் வாய் ரப்பரிலும் தடவி இணைக்கவும். "கிரீஸ் மின்சாரம் கடத்தாதே, அப்புறம் எப்படி?" என்று கேட்பீர்கள். பின் உள்ளே அழுந்தும்போது உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் கிரீஸ் விலகிவிடும். சுற்றியுள்ள இடைவெளியை மட்டும் அது நிரப்பி, ஈரக் காற்றுக்கு இடமில்லாமல் செய்யும். பேட்டரி முனைக்குச் சாதாரண வாசலின் போதும். எஞ்சினுக்குப் பக்கத்தில் அது உருகி வழிந்துவிடும், அங்கே வேண்டாம்.

ஒயரை ஒட்டுப்போட வேண்டியிருந்தால் வெறுமனே முறுக்கி டேப் சுற்றாதீர்கள். சால்டர் வைத்தோ, சரியான கிரிம்ப் போட்டோ, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் மாட்டிச் சூடாக்குங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை நம் வெயிலில் இளகிப் பிரியும். மழையில் புகுந்த தண்ணீரை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். முழு ஒயரையும் மாற்றும்போது, கப்பல்களிலும் படகுகளிலும் போடுவது போல ஒவ்வோர் இழையிலும் வெள்ளீயம் பூசிய ஒயர் கிடைத்தால் அதையே போடலாம்.

கடைசியாக, காசு செலவில்லாத ஒரு வேலை. கப்ளரின் ஒயர் நுழையும் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். ஒயர் கப்ளருக்குள் நுழையும் முன் சற்றுத் தாழ்ந்து தொங்கிப் பிறகு மேலேறட்டும். ஒயர் வழியே வரும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும்.

செய்யக்கூடாதவை

வாட்டர் வாஷில் பிரஷர் நாஸிலை டூமுக்கும் சுவிட்சுக்கும் நேரே பிடிக்க விடாதீர்கள். ஐ.பி. 67 என்று போட்டிருக்கிறதே என்று சொல்லலாம். 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் நல்ல தண்ணீரில் மூழ்கினால் தாங்கும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கும் பல வருட உப்புக்கும் அது உத்தரவாதம் அல்ல.

ஓடி வந்த சூட்டில் உடனே கழுவவும் கூடாது. சூடான கப்ளருக்குள் விரிந்திருக்கும் காற்று திடீரென்று குளிர்ந்து சுருங்கும்போது வெளியே நிற்கும் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

கடலோரப் பகுதியில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கிறது. அதில் கழுவினால் கடைசியில் ஒரு வாளி தாமிரபரணித் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். தாமிரபரணி தாமிரத்தைக் காக்கட்டும்!

வெள்ளை பிளாஸ்டிக் கவரை இறுக்கிக் கட்டி வண்டியை மூடுவதும் நல்லதல்ல. உள்ளே வேர்த்து ஈரம் தங்கும். காற்றோட்டம் வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருடம் முழுக்க நமக்குக் கிடைக்கும் சராசரி மழையைவிட அது அதிகம். தூத்துக்குடி நகரத் தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. உப்பளங்கள் மூழ்கின. வீட்டு வாசலில் நின்ற வண்டிகளும் மூழ்கின.

அப்படி மூழ்கிய வண்டியைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். சாவி போடவே கூடாது. ஈரமான ஒயரிங்கில் மின்சாரம் பாய்ந்தால் முன்பு சொன்ன மின்னாற்பகுப்பு மணிக் கணக்கிலேயே டெர்மினலைத் தின்றுவிடும். முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. சைலன்சர், ஏர் ஃபில்டர், எஞ்சின் ஆயில் இவற்றில் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வது தனி வேலை. ஒயரிங்கைப் பொறுத்தவரை, எல்லாக் கப்ளரையும் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, முழுதாகக் காய்ந்த பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும். வெள்ளநீரில் சேறு, சாக்கடை, உப்பு மூன்றும் இருப்பதால் "தானா காஞ்சிரும்" என்று விடுவது தவறு.

புதிய வண்டிகளுக்கு இன்னும் கவனம்

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்தபின் புதிய பைக்குகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன்தான். இதில் சென்சார்கள் 5 வோல்ட்டில், மில்லிஆம்பியர் கணக்கில் பேசுகின்றன. பல்பு ஒயரில் ஓடும் பெரிய மின்னோட்டம் மெல்லிய களிம்பைச் சில நேரம் உடைத்துக்கொண்டு போகும். சென்சாரின் சின்ன மின்னோட்டத்துக்கு அந்தப் பலம் கிடையாது. ஆகவே பழைய வண்டியில் விளக்கை மங்கவைக்கும் அதே களிம்பு, புதிய வண்டியில் எஞ்சினையே நிறுத்தும். சாவி ஆனில் இருக்கும்போது இந்தக் கப்ளர்களைப் பிரிக்கக் கூடாது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மூழ்கியிருந்தால் நாம் கை வைக்கவே வேண்டாம். சார்ஜும் போடாமல், வீட்டைவிட்டுத் தள்ளி நிறுத்திவிட்டுக் கம்பெனி ஆட்களை அழைப்பதே அறிவு.

நாம் என்ன செய்யலாம்?

அரிமானம் என்பது நம் ஊருக்கு அன்னியமான பாடம் அல்ல. காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கடல் அரிமானத்தை ஆராய நம் துறைமுகப் பகுதியிலேயே ஒரு மையம் வைத்திருக்கிறது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி சூட்டில் தெளித்து உலோகங்களைச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனைப் பெட்டிக்குள்ளேதான் நாம் குடியிருக்கிறோம்! வேறு ஊர் மாணவன் பாடப் புத்தகத்தில் படிப்பதை நாம் வாசலில் நிற்கும் வண்டியில் பார்க்கிறோம்.

ஆகவே ஒரு யோசனை. ஆண்டுதோறும் புரட்டாசிக் கடைசியில், மழை தொடங்கும் முன், நம் சங்கத்தின் சார்பில் ஒரு நாள் இலவச ஒயரிங் சோதனை முகாம் நடத்தலாம். நாலு மல்டிமீட்டர், பிரஷ்கள், டிஸ்டில்டு வாட்டர், ஒரு டியூப் சிலிக்கான் கிரீஸ் இருந்தால் போதும். மீன்பிடித் துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் போகிறவர்களின் வண்டிகளில் ஹெட்லைட், பின்விளக்கு, பிரேக் லைட் மூன்றை மட்டும் பார்த்துக் கொடுத்தாலும் பெரிய காரியம். நமக்கும் லேபில் கிடைக்காத அனுபவம் கிடைக்கும்.

அதுவரை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு வண்டியில் தொடங்கலாமே. இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் வண்டியில் பின்விளக்குக் கப்ளரை மட்டும் பிரித்துப் பாருங்கள். பச்சை தெரிந்தால் வரிசை ஞாபகம் இருக்கட்டும்: கழுவு, காயவை, பிறகு மூடு.